இரும்பு பழசா வாங்கலாம், ரப்பர் மட்டும் புதுசுதான் – அப்பாவோட மாருதி 800க்கு பூஸ்டர் போட்ட கதை

எங்க வீட்டு மாருதி 800, 1997 மாடல். அப்பா சர்வீஸ்ல இருக்கும்போது லோன் போட்டு வாங்கினது, வெள்ளை கலர், கார்புரேட்டர் வண்டி, நாலு கியர், ஏசி கிடையாது. நான் ஓட்டக் கத்துக்கிட்டதும் இதுலதான், தங்கச்சிய பிரசவத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு ஓடினதும் இதுலதான். வித்துட்டு வேற வாங்கிடுங்கன்னு சொல்றவங்ககிட்ட நான் பேச்ச வளர்க்கறதே இல்ல. எடை 650 கிலோ சொச்சம், 796 சிசி, மூணு சிலிண்டர், எந்தத் தெருவுல வேணா திரும்பும், பிரிச்சு மாட்ட ஒரு டூல் பாக்ஸ் போதும். இப்படி ஒரு வண்டி இனி யாரும் செய்யப்போறதில்ல.

ஆனா அதுல ஒரே ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டே இருந்துச்சு, அது பிரேக். அந்தக் காலத்து 800ல பிரேக் பூஸ்டர், அதாவது கால் பலத்தக் கூட்டித் தர்ற டப்பா, கிடையாது. நம்ம கால் மிதிக்கிற பலம் மட்டும்தான் பிரேக்குக்குப் போகும்.

போன வருஷம் ஐப்பசி மழை சமயம், திருமழிசை தாண்டி பூந்தமல்லி பக்கமா வந்துட்டிருக்கோம், அப்பாதான் ஓட்டறார், நான் பக்கத்துல. முன்னாடி போன ஷேர் ஆட்டோ ஆள் ஏத்தறதுக்காக நடுரோட்லயே டக்குனு நின்னுடுச்சு. அப்பா பிரேக்க மிதிச்சார். மிதிச்சார்னா சாதாரணமா இல்ல, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சு, முதுக சீட்ல முட்டுக்கொடுத்து, உடம்பையே தூக்கி மிதிச்சார். வண்டி நின்னுச்சு. ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஜாண் இருந்திருக்கும். அப்பா ஒண்ணும் பேசல, ஓரமா நிறுத்திட்டு வலது முட்டிய ரெண்டு கையாலயும் பிசைஞ்சுக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். அவருக்கு 71 வயசு, மூட்டு தேய்மானம்னு டாக்டர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. அந்த முட்டியப் பார்த்தப்பவே நான் முடிவு பண்ணிட்டேன், இந்த வண்டிக்கு பூஸ்டர் போட்டே ஆகணும்னு.

முதல்ல போய் பார்ட்ஸ் வாங்கிடல. இது முக்கியம், நிறைய பேர் இங்கதான் சறுக்கறாங்க. பிரேக் சரியில்லன்னு தோணுச்சுன்னா, இருக்கற பிரேக் அதோட முழு பலத்தோட வேலை செய்யுதான்னு பாக்காமயே பெரிய டிஸ்க்கு, டிஸ்க்க இறுக்கிப் புடிக்கிற காலிபர் வேறன்னு தேட ஆரம்பிச்சுடறாங்க. நான் நாலு வீலையும் கழட்டிப் பாத்தேன். முன்னாடி டிஸ்க்ல ஓரமா விளிம்பு எழும்பி நிக்குது, பின்னாடி இடது டிரம்ம கழட்டினா உள்ள ஷூவ டிரம் மேல தள்ளற வீல் சிலிண்டர் கசிஞ்சு ஷூ முழுக்க பிரேக் ஆயில் ஊறிப்போய் கிடக்கு, டிரம்முல அடிக்கிற தூசி எல்லாம் அதுல ஒட்டி கருப்பு களி மாதிரி ஆயிருக்கு. வலது பக்க ஷூ கண்ணாடி மாதிரி வழவழன்னு. பிரேக் ஆயில் ஊத்தற ரிசர்வாயர்ல ஆயில் டிகாக்‌ஷன் கலர். அப்புறம் டயர். டயர் ஓரத்துல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்க டயர்ல 2215, அதாவது 2015ல இருபத்திரெண்டாவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லாவே இருக்கு, ஓட்டம் கம்மிதானே, ஆனா ரப்பர் இறுகிப்போய் நகத்தால அழுத்தினா கல்லு மாதிரி இருந்துச்சு.

வண்டிய நிறுத்தறது பிரேக் இல்ல, டயர்தான். பிரேக் சக்கரத்த மட்டும்தான் நிறுத்தும், ரோட்ட புடிக்கறது டயர். நல்ல டயர் காஞ்ச ரோட்ல குடுக்கற பிடிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி 9 மீட்டர்ல நின்னா, 80ல வர்ற அதே வண்டிக்கு 36 மீட்டர் வேணும், வேகம் ரெண்டு மடங்குன்னா தூரம் நாலு மடங்கு. இதுல பிடி இல்லாத டயர போட்டுக்கிட்டு எத்தன பெரிய பிரேக் போட்டும் என்ன பிரயோஜனம். அதனால முதல் செலவு நாலு டயர்.

ரெண்டாவது, பூஸ்டரா பெரிய டிஸ்க்கானு யோசிச்சேன். யூடியூப்ல பசங்க பெரிய வண்டியோட டிஸ்க், காலிபர், நக்கிள் எல்லாம் கழட்டி சின்ன வண்டியில ஏத்தறாங்க, பாக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா 800க்கு 12 இஞ்ச் ரிம், அதுக்குள்ள பெரிய டிஸ்க்கும் காலிபரும் உக்கார இடம் கிடையாது, உக்காரணும்னா 13 இஞ்ச் ரிம் போடணும், போட்டா ஸ்பீடோமீட்டர் மாறும், டயர் ஃபெண்டர்ல உரசுதான்னு பாக்கணும். அதவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. கம்பெனிக்காரன் முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவுன்னு பிரேக் பலத்த ஒரு கணக்குல பிரிச்சு வச்சிருக்கான், முன்னாடி மட்டும் பெருசு பண்ணா அந்தக் கணக்கு கெட்டுப்போகும். பூஸ்டர் அப்படி இல்ல, நாலு சக்கரத்துக்கும் போற அழுத்தத்த ஒரே விகிதத்துல கூட்டும், பங்கு மாறாது. எங்களுக்கு வேண்டியது அதான், வண்டியில பிரேக் இருக்கு, அப்பா கால்லதான் பலம் இல்ல.

பூஸ்டர் என்ன பண்ணுதுன்னு ஒரு சின்ன கணக்கு சொல்றேன். கால் 30 கிலோ அழுத்துதுன்னு வச்சுக்கங்க, பெடல் ஒரு கடப்பாரை மாதிரிதான், அது அஞ்சு மடங்கு ஆக்குச்சுன்னா, பிரேக் ஆயில சக்கரங்களுக்குத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரோட பிஸ்டன்ல 150 கிலோ விழும். பூஸ்டர்ங்கறது ஒரு தகர டப்பா, உள்ள நடுவுல ரப்பர் டயாபிரம். இஞ்சின் காத்த உறிஞ்சும்போது அந்தக் காத்து போற குழாயான மேனிஃபோல்டுல வர்ற வெற்றிடத்த ஒரு ஹோஸ் வழியா அந்த டப்பாவுக்குக் கொண்டு வர்றாங்க. சும்மா இருக்கும்போது டயாபிரத்துக்கு ரெண்டு பக்கமும் வெற்றிடம். பெடல மிதிச்சதும் நம்ம பக்கத்து அறைக்குள்ள மட்டும் வெளிக்காத்து நுழையும், காத்து டயாபிரத்த முன்னாடி தள்ளும். 7 இஞ்ச் டயாபிரம்னா பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோன்னு போட்டாலே 150 கிலோ வருது. அதாவது நம்ம கால் குடுக்கற அளவு பலத்த வெறும் காத்தே கூடக் குடுத்துடுது. இத முதல் தடவ பேப்பர்ல போட்டுப் பாத்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஒரு பைசா பெட்ரோல் கூட செலவில்லாம சும்மா சுத்தி இருக்கற காத்து அப்பா முட்டிக்குத் துணைக்கு வருது பாருங்க.

பின்னாடி வந்த 800கள்ல கம்பெனியே பூஸ்டர் குடுத்தாங்க. 2014 ஜனவரி வரைக்கும் இந்த வண்டி வந்துச்சு, அதனால ஸ்கிராப் ஆன வண்டி நிறைய, பார்ட்ஸுக்குப் பஞ்சமே இல்ல. புதுசா வாங்கலாம்தான், ஆனா பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், பெடல் பிராக்கெட், பைப்புன்னு ஒவ்வொண்ணா வாங்கினா கூட்டிப்பாக்கும்போது மூச்சு முட்டும், பெடல் பிராக்கெட் எல்லாம் புதுசு தேடினாலும் லேசுல கிடைக்காது. அதனால சென்னை புதுப்பேட்டை.

புதுப்பேட்டை போகாதவங்களுக்கு எப்படி சொல்றது. எழும்பூர் ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரம், கூவம் ஓரம், ஆதித்தனார் சாலைய ஒட்டின தெருக்கள்ல புகுந்தா ரெண்டு பக்கமும் இரும்புதான். ஒரு கடை முழுக்க கதவு, ஒரு கடை முழுக்க ஹெட்லைட்டு, ஒருத்தர் ஸ்டியரிங் மட்டும், பக்கத்துலயே ஒருத்தர் கியர்பாக்ஸ பிளாட்பாரத்துல போட்டு டீசல் ஊத்திக் கழுவிட்டிருப்பார். ஊர்ல இத காயலான் கடைன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவோம், ஆனா அங்க இருக்கறவங்களுக்கு எந்த வருஷத்து வண்டியில எந்த போல்ட் மாறுச்சுன்னு மனப்பாடம். எங்க ஏரியா மெக்கானிக் பாய கூட்டிட்டுப் போனேன், தனியா போகாதீங்க, கூட ஒரு தெரிஞ்ச ஆள் இருந்தா விலையும் மாறும் பொருளும் மாறும்.

பாய் பூஸ்டர செக் பண்ண விதத்த அப்படியே சொல்றேன். முதல்ல காது பக்கம் வச்சு குலுக்கினார், உள்ள துரு உதிர்ந்திருந்தா கரகரன்னு கேக்கும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் உக்கார்ற முகத்துல பெயிண்ட் இருக்கா பாத்தார். பிரேக் ஆயிலுக்கு பெயிண்ட உரிக்கிற குணம் உண்டு, அந்த இடத்துல பெயிண்ட் உரிஞ்சு இருந்துச்சுன்னா மாஸ்டரோட பின் சீல் கசிஞ்சு ஆயில் பூஸ்டருக்குள்ளயே போயிருக்குன்னு அர்த்தம், அப்படி ஒண்ணு ரெண்ட ஓரமா ஒதுக்கிட்டார். கடைசியா பையில இருந்து சுத்தமான ஒரு ஹோஸ் துண்ட எடுத்து வேக்கம் வாய்ல மாட்டி, வாயால காத்த உறிஞ்சி நாக்கால ஹோஸ் வாய அடைச்சுக்கிட்டு, கண்ண மூடி நின்னார். பத்து எண்ணற வரைக்கும் நாக்க அது இழுத்துப் புடிச்சிட்டே இருந்தா டயாபிரம் நல்லாருக்கு, உடனே விட்டுடுச்சுன்னா எங்கயோ கிழிசல். நாலு பூஸ்டர்ல மூணாவது தேறுச்சு. "தம்பி, இது நிக்குது, நீங்களும் பாத்துக்கங்க"ன்னு என்கிட்ட குடுத்தார், நானும் ஹோஸ் நுனிய துடைச்சுட்டு நாக்க வச்சுப் பாத்தேன், நல்லா இழுத்துச்சு.

காத்த ஒரு பக்கம் மட்டும் விடற ஒருவழி வால்வையும் (நான்-ரிட்டர்ன் வால்வு) ஊதிப் பாக்கணும். ஹோஸ்ல நடுவுல இருக்கும், பூஸ்டர்ல இருந்து இஞ்சின் பக்கம் காத்து போகணும், இஞ்சின் பக்கத்துல இருந்து பூஸ்டருக்குத் திரும்பி வரக்கூடாது. இது இருக்கறதாலதான் ஓடிட்டிருக்கும்போது இஞ்சின் நின்னுட்டாலும் ரெண்டு மூணு மிதிக்குப் பலம் மிச்சம் இருக்கும்.

பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் சேர்த்து 2,200, பெடலோட பிராக்கெட் 600. பெடலும் ஏன் மாத்தணும்னா, பூஸ்டர் இல்லாத வண்டிக்கு பெடல்லயே கடப்பாரை விகிதம் அதிகமா வச்சிருப்பாங்க, பூஸ்டர் வச்ச வண்டிக்குக் குறைவா இருக்கும், பூஸ்டர் ராடு வந்து மாட்டற உயரமும் மாறும். பழைய பெடல்லயே வெல்டு வச்சு சமாளிக்கலாம்னு கடைக்காரர் சொன்னார், வேணவே வேணாம்னுட்டேன். பிரேக் பெடல்ல வெல்டிங் வைக்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன், அது ஒடைஞ்சா அடுத்து ஒண்ணும் கிடையாது. பில்லும் கேட்டு வாங்குங்க, கையெழுத்துல ஒரு துண்டு சீட்டுன்னாலும் பரவாயில்ல, திருட்டு வண்டி சமாச்சாரம் ஏதாவது வந்தா எங்க வாங்கினோம்னு காட்ட ஒண்ணு வேணும்ல.

இப்ப தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். காயலான் கடையில இரும்பு வாங்கலாம், அலுமினியம் வாங்கலாம், பிராக்கெட், காலிபர் பாடி, பெடல், டப்பா எல்லாம் வாங்கலாம், கண்ணால பாத்து கையால தடவி நல்லது கெட்டது சொல்லிடலாம். ரப்பர் மட்டும் வாங்கக்கூடாது (பூஸ்டருக்குள்ள இருக்கற டயாபிரம் மட்டும் விதிவிலக்கு, அத பாய் மாதிரி உறிஞ்சிப் பாத்துடலாம்). மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்கற கப், வீல் சிலிண்டர் கப், காலிபர் சீல், முன் சக்கரத்துக்குப் போற ஹோஸ், இதெல்லாம் வெளிய பாக்க பளபளன்னு இருக்கும், உள்ள செத்திருக்கும். ஹோஸ் உள்பக்கம் ஊதிப்போய் அடைச்சிருந்தா மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டதும் திரும்பி வராது, அந்த சக்கரம் மட்டும் புடிச்சிட்டே சூடாகும், காலிபர் ஜாம்னு நெனச்சு காலிபர மாத்திட்டு இருப்போம். அதனால புதுப்பேட்டையில இருந்து நேரா ஜி.பி. ரோடு போய் மாஸ்டர் கிட், வீல் சிலிண்டர் முழுசா ரெண்டு, காலிபர் சீல் கிட், ஹோஸ், பேட், ஷூ, டிஸ்க் ரெண்டு எல்லாம் புதுசு வாங்கினோம். பழைய டிஸ்க்க லேத்துல புடிச்சுத் தரவானு கேட்டாங்க. டிஸ்க் மேலயே குறைஞ்சபட்ச கனம் அச்சடிச்சிருக்கும், எங்களோடது ஏற்கனவே அந்த அளவுகிட்ட வந்துடுச்சு, அதனால புதுசு.

கழுவற விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். நிறைய பட்டறையில பிரேக் பார்ட்ஸையும் பெட்ரோல்ல முக்கித்தான் கழுவறாங்க. பெட்ரோல், டீசல், இஞ்சின் ஆயில் எது பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிப்போகும், அன்னிக்கே தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு கப் உப்பி பிஸ்டன் மாட்டிக்கும். சிலிண்டர் உள்பக்கத்த புது பிரேக் ஆயிலாலயே கழுவுங்க, மாட்டும்போதும் கப் மேல அதே ஆயிலத்தான் தடவணும்.

மாட்டற வேலை ஒரு சனி ஞாயிறு. ஃபயர்வால்ல, அதாவது இஞ்சினுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்ல, பூஸ்டருக்கு ஓட்டை போட வேண்டியிருந்துச்சு, வாங்கிட்டு வந்த பிராக்கெட்டயே அச்சா வச்சு மார்க் பண்ணி, பின்பக்கம் வயரிங் எதுவும் இல்லன்னு பாத்து ட்ரில் பண்ணோம், ஓட்டை ஓரத்துக்கு எல்லாம் பிரைமர் அடிச்சோம், இல்லன்னா அங்கதான் துரு ஆரம்பிக்கும். வேக்கம் எடுக்கறதுக்கு இன்டேக் மேனிஃபோல்டுல இடம் வேணும், மேனிஃபோல்ட வண்டியில வச்சே ட்ரில் பண்ணலாம்னு ஒரு பையன் சொன்னான், அலுமினியத் தூள் உள்ள போச்சுன்னா நேரா சிலிண்டருக்குள்ள போகும், அதனால கழட்டி லேத்துக்குக் குடுத்து டேப் அடிச்சு பித்தளை நிப்பிள் போட்டு வாங்கினோம். பிரேக் பைப் நட்டெல்லாம் 10ம் நம்பர், சாதா ஸ்பேனர் போட்டா மூலை மழுங்கிடும், ஃப்ளேர் நட் ஸ்பேனர்னு வாய் வெட்டின ரிங் ஸ்பேனர் ஒண்ணு இருக்கு, அது கையில இல்லாம இந்த வேலைய தொடவே தொடாதீங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ப்ளீடிங், அதாவது பிரேக் பைப்புக்குள்ள இருக்கற காத்த வெளியேத்தற வேலை, முடிச்சாச்சு. பெடல் அவ்வளவு சாஃப்ட், பாய் முகத்துல சிரிப்பு. நான் வண்டிய எடுத்துக்கிட்டு அம்பத்தூர் எஸ்டேட் பக்கமா ஒரு ரவுண்ட் போனேன். முதல் ரெண்டு கிலோமீட்டர் அருமை. மூணாவது கிலோமீட்டர்ல வண்டி கொஞ்சம் கனமா இருக்கற மாதிரி தோணுச்சு, நாலாவதுல செகண்ட் கியர்லயே திணறுது, அப்புறம் ஆக்சிலேட்டர விட்டா உருளவே இல்ல, பிரேக்க யாரோ மிதிச்சிட்டே இருக்கற மாதிரி. இறங்கிப் பாத்தா முன் சக்கரத்துல இருந்து கருகின வாசனை, பக்கத்துல கை கொண்டு போக முடியல. நெஞ்சு படபடன்னு அடிச்சிருச்சு. இது அப்பா கையில, பைபாஸ்ல நடந்திருந்தா?

பாய்க்கு போன் பண்ணேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, மாஸ்டரையும் பூஸ்டரையும் சேர்க்கிற ரெண்டு நட்ட ஒரு சுத்து லூஸ் பண்ணிப் பாருங்க, வண்டி உருளுதா?" லூஸ் பண்ணேன். டக்குனு விட்டுச்சு, கையால தள்ளினாலே உருண்டுச்சு.

விஷயம் என்னன்னா, பூஸ்டருக்கு முன்னாடி ஒரு சின்ன ராடு நீட்டிட்டு இருக்கும், அதுதான் மாஸ்டர் பிஸ்டன தள்ளும். கால எடுத்ததும் பிஸ்டன் முழுசா பின்னாடி வரணும், வந்தாத்தான் சிலிண்டருக்குள்ள ஒரு குண்டூசி அளவு ஓட்டை திறக்கும், சூட்டுல விரிஞ்ச ஆயில் அது வழியா ரிசர்வாயருக்குப் போகும். ராடு ஒரு மில்லி நீளமா இருந்தாக்கூட பிஸ்டன் முழுசா திரும்பாது, அந்த ஓட்டை மூடியே கிடக்கும், ஆயிலுக்குப் போக வழி இல்ல. கொஞ்சம் சூடாகும், விரியும், பிரேக் புடிக்கும், புடிச்சா இன்னும் சூடாகும், இன்னும் விரியும், கடைசியில நாலு சக்கரமும் பூட்டிக்கும்.

கம்பெனியில ரெண்டையும் ஜோடியா அட்ஜஸ்ட் பண்ணித்தான் அனுப்புவாங்க. அப்ப இது எப்படி மாறுச்சு? கழட்டிப் பாத்தா மாஸ்டர் முகத்துல இருக்கற பழைய சீல் தடமும் பூஸ்டர் முகத்துல இருக்கற தடமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தல. ஒரு வண்டி பூஸ்டரும் இன்னொரு வண்டி மாஸ்டரும் சேர்த்துக் குடுத்திருக்காங்க, ரெண்டும் ஒரே வண்டியோடதுன்னு ரெண்டு தடவ கேட்டு வாங்கினது. எனக்கு அன்னிக்கு உண்மையாவே கோவம். பணத்துக்காக இல்ல, இது சீட் கவரோ ஹாரனோ கிடையாது, பிரேக், ஒரு வார்த்த உண்மை சொல்லியிருக்கலாம். நீங்க வாங்கும்போது போல்ட் போட்டு சேர்ந்தே இருக்கற செட்டா, பிரிக்காம, வண்டியில இருந்து கழட்டும்போதே பக்கத்துல நின்னு வாங்குங்க.

சரி பண்ணின முறை எனக்கு ரொம்பப் புடிச்சது. பாய் பொண்ணோட ஸ்கூல் பையில இருந்து கலர் களிமண் கொஞ்சம் வாங்கினார், பச்சை கலர். பட்டாணி அளவு உருட்டி ராடு நுனியில வச்சு, மாஸ்டர மெதுவா மேல உக்கார வச்சு ரெண்டு நட்டையும் முழுசா டைட் பண்ணி, அப்படியே மறுபடி கழட்டினார். களிமண் நசுங்கி நடுவுல ஓட்டையே விழுந்துடுச்சு, ராடு பிஸ்டன அழுத்திட்டு இருந்ததுக்கு அதுவே சாட்சி. ராடு நுனி ஸ்குரு மாதிரி சுத்தினா உள்ள போகும், கால் சுத்து உள்ள விட்டு புது உருண்டை வச்சு மறுபடி மாட்டி கழட்டி, அஞ்சு தடவ இப்படியே. அஞ்சாவது தடவ களிமண் மெல்லிசா ஒரு தகடு மாதிரி மிச்சம் நின்னுச்சு, வெர்னியர் வச்சா அரை மில்லி. போதும்னார். ரொம்ப உள்ள விட்டாலும் தப்பு, பெடல் மேல பாதி வரைக்கும் சும்மாவே போகும்.

அப்புறம் ப்ளீடிங் முதல்ல இருந்து. மாஸ்டருக்கு ரொம்ப தூரமா இருக்கற சக்கரம் முதல்ல, நம்ம ஊர் வண்டியில ஸ்டியரிங் வலது பக்கம், மாஸ்டரும் வலது பக்கம், அதனால பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நான் பெடல்ல, பாய் கீழ, அவர் "மிதி… புடி… விடு" சொல்ல சொல்ல, டியூப் வழியா கருப்பு ஆயில் போயி மஞ்சளா தெளிவா வர்ற வரைக்கும், குமிழி நிக்கற வரைக்கும். ஆயில் புதுசா சீல் உடைச்ச பாட்டில்தான் ஊத்தணும், போன வருஷம் பாதி மிச்சம் வச்சது வேணாம். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், டாட் 3ங்கற ரகம் புதுசா இருக்கும்போது 205 டிகிரில கொதிக்கும், ஈரம் ஏறினா 140க்கே வந்துடும். ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி வளைவுல இறங்கும்போது ஆயில் கொதிச்சு ஆவி ஆச்சுன்னா பெடல் தரையத் தொடும், ஆவிய அழுத்தினா அது அமுங்குமே தவிர தள்ளாது. டாட் 4 ஊத்தினாலும் சேரும். டாட் 5ன்னு போட்டு சிலிக்கான் ஒண்ணு வருது, அது சேரவே சேராது.

பூஸ்டர் வேலை செய்யுதானு வீட்லயே பாக்கலாம். இஞ்சின ஆஃப் பண்ணிட்டு அஞ்சாறு தடவ மிதிங்க, பெடல் கல்லு மாதிரி ஆயிடும். மிதிச்சு புடிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க, கால் தானா கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலன்னா வேக்கம் வரல.

இந்த தடவ நான் 20 கிலோமீட்டர் ஓட்டினேன், ஒவ்வொரு அஞ்சு கிலோமீட்டருக்கும் இறங்கி நாலு வீலையும் தொட்டுப் பாத்தேன். முன்னாடி ரெண்டும் ஒரே சூடு, பின்னாடி ரெண்டும் லேசான வெதுவெதுப்பு. ஒரு வாரம் நானேதான் ஓட்டினேன், அதுக்கப்புறம்தான் சாவி அப்பா கைக்குப் போச்சு.

ஒண்ண மட்டும் அப்பாகிட்ட திரும்பத் திரும்ப சொன்னேன். பூஸ்டர் போட்டா வண்டி மாயமா சீக்கிரம் நின்னுடாது, டயர் குடுக்கற பிடிதான் எல்லை, அந்த எல்லைக்குப் போக முன்னெல்லாம் 50 கிலோ மிதிக்கணும், இப்ப 20 போதும், அவ்வளவுதான். ஆனா இந்த வண்டியில சக்கரம் பூட்டாம பாத்துக்கற ஏபிஎஸ் கிடையாது, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல உடம்ப தூக்கி மிதிச்சுப் பழகின கால் அதே பழக்கத்துல ஈர ரோட்ல மிதிச்சுதுன்னா சக்கரம் பூட்டிட்டு வழுக்கிட்டே போகும், ஸ்டியரிங் திருப்பினாலும் கேக்காது. அதனால விடியக்காலையில ஆள் இல்லாத ரோட்டுக்குப் போயி, 30ல வந்து மிதிக்க வச்சேன், சக்கரம் கீச்சுனு பூட்டற இடம் எதுன்னு அவர் காலுக்கே தெரியற வரைக்கும், ஒரு இருபது தடவ. பூட்டினா லேசா விட்டு மறுபடி மிதிங்கப்பான்னு சொன்னேன். "நான் உனக்கு ஓட்ட சொல்லிக்குடுத்தேன், இப்ப நீ எனக்கா"ன்னாரு, ஆனா இருபதும் செஞ்சார்.

2027ல ஆர்.சி. புதுப்பிக்கணும், 2012ல 15 வருஷம் முடிஞ்சதுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ கொண்டுபோய்க் காட்டிட்டு வர்றோம். ஒவ்வொரு தடவையும் பிரேக் டெஸ்ட் அன்னிக்கு வயித்தக் கலக்கும், இந்த தடவ இருக்காதுன்னு நெனைக்கறேன். எல்லா பில்லையும் ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன்.

ரிசர்வாயர்ல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதி வச்சேன். ஞாயித்துக்கிழமை காலைல பானெட்ட திறந்து டார்ச் அடிச்சுப் பாக்கறது இப்ப அப்பாவோட வேலை. நேத்து போன்ல சொன்னார், கோடு அப்படியே இருக்காம், அம்மாவும் அவரும் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்களாம், போக வர அவரேதான் ஓட்டினாராம்.